தாய்மாமன் மடியும் கொள்ளிடத்து மணலும்

என் வீட்டுக்காரர் தாசில்தாராக இருந்தபோது ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். கொள்ளிடத்தில் மணல் அள்ளக் குத்தகை கேட்டு ஒரு கான்ட்ராக்டர் மனுப் போட்டிருந்தார். மணலை வாரினால் கிணறெல்லாம் வற்றிப்போகும் என்று கரையோர ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இவர்தான் விசாரித்துச் சிபாரிசு செய்ய வேண்டும்.

விசாரணைக்கு முந்தின வாரம் தொட்டியத்திலிருந்து என் அண்ணன் வந்தார், வழக்கம்போல் ஒரு பூவன் வாழைத்தாரோடு. காபி குடித்துவிட்டு, "அந்தக் கான்ட்ராக்டர் நம்ம ஆளுதான் மாப்ள, பாத்து செய்யுங்க" என்றார். இவரும் "பார்க்கலாம்" என்று சொல்லிவைத்தார்.

விசாரணையன்று காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே, "உங்கண்ணன் வந்து பேசினதை இன்னிக்கு ஊர்ச் சாவடியில சொல்லிடப் போறேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடி இல்லாம, உங்க ஆபீஸ் மேஜை மேலயா உக்கார வைக்கிறது?"

"யார் வந்து தனியாப் பேசினாங்கன்னு தெரியாம ஊர் எப்படி என்னை நம்பும்?"

அதற்கு மேல் அந்த மனுஷனிடம் பேசிப் பிரயோஜனமில்லை. கோபத்தோடு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே ஜட்கா வைத்துப் போனேன்.

சாவடியில் எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னார். மைத்துனர் வந்தது, தார் கொண்டுவந்தது, பேசியது, எல்லாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒரு அம்மா கேட்டார்.

"பார்க்கலாம்னு சொன்னேம்மா. முடியாதுன்னு சொல்லியிருக்கணும். அதனால நான் சிபாரிசு பண்ணப் போறதில்ல. வேற அதிகாரி வந்து விசாரிப்பார்."

கான்ட்ராக்டர் முகம் செத்துப்போயிற்று. தன் தப்பைத் தானே ஊர் முன்னால் சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து நிற்கிற ஓர் அதிகாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. அடேயப்பா, இவருக்கா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள் என்று பெருமையாக இருந்தது. அண்ணன் இனி எங்கள் வாசற்படி மிதிப்பாரா என்ற கவலையும் கூடவே வந்தது.

வேறு அதிகாரி வந்தார். குத்தகை கிடையாது என்று ஆகிவிட்டது. அண்ணனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

காதுகுத்தன்று பத்தர் ஊசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக அலைந்தேன். அப்போதுதான் வியர்க்க விறுவிறுக்க அண்ணன் வந்தார், தோளில் பூவன் தார். தாரை இறக்கி வைத்துவிட்டு நேரே மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். அது வீறிட்டு அழுதபோது அவர் கண்ணும் கலங்கியது.

பிறகு இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, இந்தத் தாரையும் சாவடியில சொல்லிடுங்க."