கோபத்தை விசாரிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அணுபுரத்தில் இருந்து கிளம்பி, பஸ் மாறிக் கேளம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் போய் நின்றேன். என் அக்கா மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை அங்கேதான் குடியிருந்தார். அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி விசாரித்து வருவது தாய்மாமனான என் பொறுப்பு.

ஜாதகம் பொருந்திவிட்டது. ஐ.டி. வேலை, நல்ல குடும்பம் என்று எல்லாம் சரியாக இருந்தது. அதோடு விட்டுவிட மாட்டோம் நாம். வாட்ச்மேன், இஸ்திரி போடுபவர், மளிகைக் கடைக்காரர் என்று நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். பையன் வீட்டாரும் சும்மா இருந்துவிடவில்லை. எங்கள் தெரு இஸ்திரிக்காரர் என்னிடமே வந்து, "உங்க வூட்டைப் பத்தி ரெண்டு பேரு கேட்டுகினு போனாங்க சார், நல்லவிதமாத்தான் சொல்லிகீறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

கிளம்பும்போது அக்கா மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, சம்பளம், குடி, சிகரெட்டு எல்லாம் அம்மா பாத்துக்குவாங்க. நீங்க ஒண்ணே ஒண்ணு பாத்துட்டு வாங்க. அவருக்குக் கோவம் வந்தா எப்படி இருப்பாரு? அதைப் பாத்துட்டு நீங்க சரின்னா சரி, வேணாம்னா வேணாம்."

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் அப்பா இப்போது இல்லை. இல்லாத மனிதரைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் ரசத்தில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கிற வீடு அது. வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அப்பா எப்படி என்று கண்டுபிடிக்கத் தெரிந்து வளர்ந்த பெண். இன்றைக்கு அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. அத்தனை பிள்ளைகளையும் அடக்கி ஆள்கிறாள். ஆனால் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் இன்னும் அவள் முகம் வெளுத்துவிடும்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேனே தவிர, வழியெல்லாம் எனக்குக் குழப்பம்தான். இஸ்திரிக்காரரைக் கேட்டால் சட்டையைப் பற்றிச் சொல்வார். ஒருவனுடைய கோபத்தை யாரிடம் போய் விசாரிப்பது?

முதலில் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தேன். வீட்டு எண்ணைச் சொன்னதுமே அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் விளையாட வந்தீங்களா சார்? அஞ்சாவது மாடி. ஞாயித்துக்கெழம ஆனா பேஜாருதான், ஒரே கூச்சல். இன்னா ஆட்டம்னு கேட்டா கதைன்றாங்க. கதைக்கு எதுக்கு சார் தாயக்கட்டை?"

எனக்குத் திக்கென்றது. தாயக்கட்டை என்றால் சூதாட்டமா? மேலே போய்ப் பார்த்துவிடுவது என்று லிஃப்டில் ஏறிவிட்டேன்.

ஐந்தாவது மாடியில் இறங்கி அந்த வீட்டை நெருங்கியதுமே உள்ளே ஓர் ஆண் குரல் கர்ஜித்தது. "என் கோட்டைக்குள்ள நுழைஞ்சு என்னையே ஏமாத்தப் பாத்தியா? உன் கைய வெட்டி அந்தக் கடல்லயே போடுவேன்." அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல், தன்னை மன்னித்துவிடும்படி கெஞ்சியது. விசாரிக்க வந்தது வாசலிலேயே முடிந்தது, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று திரும்பிவிட நினைத்தேன். அதற்குள் கதவு திறந்தது.

திறந்தது ஒரு பெண். அவள்தான் கெஞ்சிய பெண் என்பது குரலில் தெரிந்தது. முகத்தில் சிரிப்பு, கையில் வேர்க்கடலைக் கிண்ணம்.

"வாங்க சார். புதுசா விளையாட வர்றேன்னு மெசேஜ் போட்டது நீங்கதானே? உங்களுக்காகத்தான் வெயிட் பண்ணிட்டிருக்கோம்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. ஹாலில் ஒரு பெரிய மேசை, அதைச் சுற்றி நாற்காலிகள். மேசை முழுவதும் விரித்த ஒரு வரைபடம், அதன் மேல் கலர் கலராகப் பகடைகள். போட்டோவில் பார்த்த மாப்பிள்ளை தலைப்பக்கம் உட்கார்ந்து, "வாங்க சார், வாங்க" என்று எழுந்து கும்பிட்டார். கர்ஜித்த குரல் அவருடையதுதான். இது என்னதான் என்று பார்க்காமல் திரும்பிப் போனால் எனக்குத் தூக்கம் வராது. "ஆமா, நான்தான்" என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். வருவதாகச் சொன்ன உண்மையான ஆள் அன்றைக்கு வரவே இல்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அங்கே இருந்தது நான்கே பேர். மாப்பிள்ளை, கதவு திறந்த பெண், அவள் கணவரான ஒரு தாடிக்காரர், பிறகு அதிகம் பேசாத ஒரு கண்ணாடிக்காரர். தாடிக்காரர் செங்கல்பட்டு ஆள் என்பது அவர் வாயைத் திறந்ததுமே தெரிந்தது. சுவரில் இருந்த அலமாரியில் பொம்மைகள் வரிசையாக நின்றன. நீல முடியும் முகத்தில் பாதி அளவுக்குக் கண்ணும் உள்ள ஒரு பெண், தன்னைவிட உயரமான வாளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஜப்பான் கார்ட்டூனில் வருகிறவர்களாம். முப்பதை நெருங்கும் ஆணுக்கு எதற்குப் பொம்மை என்று தோன்றியது. நம் வீட்டில் கொலு வைப்பதை யாரும் கேட்பதில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. ஆனால் நாம் ஒன்பது நாளில் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம்.

ஆட்டத்தைத் தாடிக்காரர்தான் எனக்கு விளக்கினார். "ஒண்ணியும் இல்ல சார். இவரு கதை சொல்லுவாரு. நாம ஆளுக்கொரு வேஷம். உங்க ஆளு இன்னா செய்யணும்னு நீங்க சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு கட்டை சொல்லும்." அந்தக் கட்டைகளில் ஒன்றுக்கு இருபது முகம். நானும் தாயம் ஆடியவன்தான், இருபது முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பணம் எதுவும் வைத்து ஆடவில்லை. ஜெயிப்பவர் தோற்பவர் என்றே கிடையாதாம். பின்னே எதற்கு ஆடுகிறார்கள் என்று கேட்டேன். கண்ணாடிக்காரர் முதல் தடவையாக வாய் திறந்து, "அடுத்தது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் சார்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அந்த ஆட்டம் பிடித்துப் போய்விட்டது.

வரைபடத்தைக் குனிந்து பார்த்தால் அது எங்கள் பக்கம். கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடற்கரை, நடுவில் கேளம்பாக்கத்து உப்பளங்கள், மாமல்லபுரத்துக்கு நேராகக் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் கோபுரங்கள். எல்லாம் கையால் வரைந்து வண்ணம் தீட்டியது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக வரைகிறார் என்று அந்தப் பெண் சொன்னாள். இல்லாத ஒரு ராஜ்ஜியத்துக்காக ஒரு மனிதர் இவ்வளவு உழைப்பாரா என்று ஆச்சரியமாக இருந்தது.

"உங்க ஆளு யாரு சார்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"சதுரங்கப்பட்டினத்துத் தோணிக்காரன்" என்றேன்.

"அவருக்கு எதுக்குப் பயம்?"

"தண்ணிக்கு."

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது வேடிக்கையாக வரவில்லை. கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு எங்கள் கரையில் நின்றவன் நான். அந்தப் பயம் தானாக வாயில் வந்துவிட்டது.

ஆட்டம் தொடர்ந்தது. மாப்பிள்ளை ஒரு நிமிடம் ராஜாவாகக் கத்தினார். அடுத்த நிமிடம் மீன் விற்கும் கிழவியாக மூக்கால் பேசினார். நானும் என் வயதை மறந்தேன். எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டைக் காவலாளியிடமிருந்து தப்பிக்க நான் கட்டையை உருட்ட வேண்டிய நேரம் வந்தது. உற்சாகத்தில் எழுந்து கையை வீசினேன். முழங்கை பட்டு டம்ளரில் இருந்த டீ மொத்தமும் வரைபடத்தின் மேல் கவிழ்ந்தது.

உப்பளத்து வண்ணம் கரைந்து ஓடியது. மாமல்லபுரம் பழுப்பாகிப் போனது. நான் வேட்டி நுனியால் துடைக்கப் போய் இன்னும் கெடுத்தேன்.

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. மேசை மேல் இருந்த அவர் கை இறுகியது. எனக்கு அப்போதுதான், நான் எதைப் பார்க்க வந்தேனோ அது என் எதிரில் நடந்துகொண்டிருக்கிறது என்று உறைத்தது.

"தெரியாமத்தான் பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும் சார்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா எனக்கு ரொம்பக் கோவம் வருது. கொஞ்ச நேரம் குடுங்க." எழுந்து பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். மெதுவாகத்தான் சாத்தினார்.

அவர் பால்கனிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகையே எவ்வளவு நேரம் பார்ப்பது? சங்கடத்தில் மேசைப் பக்கம் திரும்பினேன்.

அந்தப் பெண் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பல்லைக் கடித்தபோதும் உரித்தாள், எழுந்து போனபோதும் உரித்தாள். அவள் விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கண்ணாடிக்காரர் டிஷ்யூ பேப்பரை எடுத்துத் டீ மேலும் ஓடாதபடி ஒற்றினார். தாடிக்காரர் பிளாஸ்கை ஆட்டிப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார், வந்துடுவாரு. டீ இன்னும் கீது, ஊத்தட்டா?" என்றார்.

எனக்கு அக்கா வீட்டுச் சாப்பாட்டு நேரம் ஞாபகம் வந்தது. அங்கே அக்கா கணவர் குரல் ஒரு படி ஏறினால் போதும். அக்காவின் கரண்டி பாத்திரத்துக்கு மேலே அப்படியே நிற்கும். சின்னப் பெண்ணாக இருந்த அக்கா மகளின் கையில் பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் பாதியில் நிற்கும். விருந்தாளியாகப் போன நானும் தண்ணீர் டம்ளரைக் கீழே வைக்கத் தைரியமில்லாமல் பிடித்துக்கொண்டிருப்பேன். இந்த வீட்டில் யாருக்கும் அந்தப் பயம் இல்லை. இவருடைய கோபத்தை இவர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள், அதில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு பேரிடம் விசாரித்திருந்தாலும் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு துணியோடு உள்ளே வந்தார். முகம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, குரலும் கரகரத்தது. காப்பாற்ற முடிந்த இடத்தை எல்லாம் ஒற்றி எடுத்தார். பிறகு வரைபடத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"சரி. கடல் உள்ள வந்துடுச்சு. உப்பளம் போச்சு, பாதி ஊரும் போச்சு. தண்ணிக்குப் பயப்படுற தோணிக்காரர் இப்ப என்ன செய்றாரு?"

"தோணியை இறக்குறேன்," என்றேன். கட்டையை உருட்டினால் இருபதுக்கு மூன்றுதான் விழுந்தது. என் தோணி மூழ்கிய கோபுரம் ஒன்றின் உச்சியில் போய்ச் செருகிக்கொண்டது என்று அவர் அறிவித்தார். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

திரும்பி நேராக அக்கா வீட்டுக்குப் போனால் அக்கா மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "பாத்தீங்களா மாமா?" என்றாள்.

"பாத்தேன். நானே கோவப்பட வெச்சுட்டேன். நல்லாவே கோவப்பட்டாரு."

அவள் முகம் மாறியது. "அப்புறம்?"

"சொல்லிட்டு வெளியே போய் நின்னாரு. பக்கத்துல இருந்த பொண்ணு பாட்டுக்கு வேர்க்கடலை உரிச்சுகினு இருந்தா."

வேறு யாராக இருந்தாலும், இதென்ன பதில் என்று கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "சரி மாமா. வரச் சொல்லுங்க," என்றாள்.

பெண் பார்க்க வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றதும் நான்தான். மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றியபடியே அப்படியே நின்றுவிட்டார். பிறகு காபி கொடுக்கும்போது என் பக்கமாகச் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல், "உங்க தோணிக்காரரு இன்னும் கோபுரத்து மேலயே உக்காந்திருக்காரு சார். எப்ப இறங்கறதா உத்தேசம்?" என்றார். அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். விசாரிக்க வந்தவரையே விளையாட வைத்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே பெருமை.

இப்போது அவர்கள் இருவரும் படூரில்தான் இருக்கிறார்கள். அக்கா மகளும் அந்த மேசையில் உட்காருகிறாள், விஷ வைத்தியச்சியாக. வேதியியல் படித்தது வீண் போகவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் போகிறேன். அந்த ஜப்பான் கார்ட்டூன்களையும் இரண்டு மூன்று பார்த்தேன். சண்டைக்கு நடுவில் நின்றுகொண்டு பக்கம் பக்கமாகத் தத்துவம் பேசுகிறார்களே என்று கிண்டல் செய்தேன். நம் தெருக்கூத்தில் மட்டும் என்ன வாழுதாம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

அன்றைக்கு அந்த மேசையில் நான் கற்றுக்கொண்டது என்னவோ ஆட்டத்தைப் பற்றி இல்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டில் குரல் உயர்ந்தாலும், அது என் வீடாகவே, என் குரலாகவே இருந்தாலும், என் கண், கேட்டுக்கொண்டிருப்பவர்களின் கைகளைத்தான் முதலில் தேடுகிறது.