கொழுந்துப் போட்டியில் எனக்குக் கிடைத்த முதலிடம்

அறுபது வயதில் ஓய்வு கொடுத்த பிறகும், வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் எழுதி என்னை வேலையில் வைத்திருந்தார்கள். வாகனங்களைத் தவணைக்குக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் நுவரெலியாக் கிளை. எனக்குக் கணக்குப் பிரிவு. எட்டாவது ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. சம்பளத்துக்காக நான் போகவில்லை. மனைவி போய்ச்சேர்ந்த பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று யாராவது என்னைக் கேட்கிற ஒரே இடம் அந்த அலுவலகம்தான்.

அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து வந்த புது மேனேஜர் போட்டிகளோடு சுற்றுலா ஒன்றை அறிவித்தார். எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கிள், உங்களால முடியுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது சுற்றுலாவைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்குப் புரிந்தது.

"ஏன் முடியாது சார்? தினமும் நடக்கிறேனே" என்றேன். நடப்பது பஸ் நிற்குமிடம் வரைக்கும்தான்.

பதினான்கு பேர் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். வழியில் இருபத்திரண்டு வளைவுகள். வாந்தியெடுத்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் என் பைக்குள் எடுத்தார். குடை அந்தப் பையில்தான் இருந்தது. போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் போட்டி, அரைமணி நேரம் கொழுந்து பறிப்பது. நான் கடைத்தெருவில் பிறந்தவன். அறுபத்தெட்டு வருடமாகத் தேயிலையைக் குடித்திருக்கிறேனே தவிர, பறித்ததில்லை. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியபோதே மூக்குக்கண்ணாடி செடிக்குள் விழுந்துவிட்டது. பக்கத்து நிரையில் வேலையாக இருந்த மூன்று பெண்கள்தான் தேடியெடுத்துக் கொடுத்தார்கள்.

"இந்த வயசுல ஏன் தாத்தா இந்தப் பாடு?" என்றாள் ஒருத்தி.

"ஆபீஸ்ல கூட்டிட்டு வந்தாங்கம்மா."

"நல்ல ஆபீஸுங்க! நாங்க சம்பளம் பத்தாதுன்னு கத்திக்கிட்டு எடுக்குறோம், நீங்க காசு குடுத்துட்டு வந்து எடுக்குறீங்க."

இன்னொருத்தி என் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "அடியே, பூராவும் முத்தல் இலைடி. இதுக்கு அரைநாள் சம்பளத்துக்குக்கூடப் பேரு போட மாட்டாங்க."

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். முதுகில் கூடை கனத்துக்கொண்டே போனது. மழைநீர் இறங்குகிறது என்று நினைத்தேன்.

நிறுத்துப் பார்த்தபோது மற்றவர்களில் கூடுதலாகப் பறித்தவருக்கு ஒன்றேகால் கிலோ. எனக்கு நாலரை கிலோ. திரும்பிப் பார்த்தேன். மூன்று பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாமல் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மேனேஜரோ என் கையைத் தூக்கிப் பிடித்து, "அங்கிள்தான் நம்ம ஹீரோ!" என்று கத்தினார். அவருக்கு என் மேல் அப்படியொரு நம்பிக்கை வந்ததை அன்றுதான் கண்டேன். அதைக் கெடுத்துக்கொள்ள நான் துணியவில்லை.

அடுத்தது கயிறிழுத்தல். பலசாலி கடைசியில் நிற்க வேண்டும் என்று, கயிற்றின் நுனியை என் இடுப்பில் சுற்றிவிட்டார்கள். விசில் ஊதியதும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். அந்த நேரத்தில் யாரோ "குளவி!" என்று அலறினார்கள். குளவி கொட்டி ஆள் செத்த கதைகளைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு பக்கமுமாக மற்றப் பதின்மூன்று பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். கடைசியில் இருந்த நான் கயிற்றோடு போய், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் மல்லாந்து விழுந்தேன். வந்தது ஒரு வண்டு.

எழுந்திருக்க முடியவில்லை. கொழுந்துச் சாக்கை விரித்துப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். கொழுந்து நிறுத்த இடத்தைத் தாண்டும்போது, "அங்கிளையும் ஒருக்கா நிறுத்துருவமா?" என்றான் ஒருவன். தூக்கியவர்கள் சிரித்ததில் சாக்கு குலுங்கியது. முதுகில் உயிர் போயிற்று.

திரும்பும்போது பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் என்னைப் படுக்கவைத்தார்கள். மேனேஜர் வந்து என் காலருகே உட்கார்ந்தார். முதல் பரிசான சுடுநீர்ப் போத்தலை என் வயிற்றின் மேல் வைத்தார்.

"பயந்துட்டேன் அங்கிள். என் மேலதான் தப்பு. இனிமே உங்களக் கஷ்டப்படுத்த மாட்டேன். இந்த மாசத்தோட நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க. உங்க ஃபேர்வெலுக்கும் இதே மாதிரி நல்ல ட்ரிப்பா போடுவோம்."

உண்மையான அன்போடுதான் சொன்னார்.

"திங்கக்கிழமை வந்துருவேன் சார்" என்றேன்.

"வாங்க, வாங்க. மெதுவா வாங்க" என்று என் காலைத் தட்டிவிட்டு முன்னால் போனார். பாட்டை மறுபடி போட்டார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து மாத முடிவு வரைக்கும், பௌர்ணமிப் போயா விடுமுறையைக் கழித்தால், பதினேழு வேலை நாட்கள். நானுஓயா வருவதற்குள் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். பதினேழுதான்.