எங்கள் தெருப் பள்ளம்

வார்டு உறுப்பினராக இருந்த காலத்தில் கையைத் தூக்கியதைத் தவிர நான் பெரிதாக எதையும் செய்யவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அங்கே எல்லோருக்கும் அதுதான் வேலை. கூட்டப் பொருளை ஒருவர் வாய்க்குள்ளேயே படிப்பார். யாராவது 'ஆல் பாஸ்' என்பார்கள். மேசையைத் தட்டுவோம். மிக்சரும் டீயும் வரும். தெருவிளக்குப் பராமரிப்பு, குப்பை வண்டிக்கு டயர், தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு என்று ஓசூரை ஒட்டிய எங்கள் சின்ன நகரமன்றத்தில் பொருட்களுக்குப் பஞ்சமே கிடையாது.

என் வார்டு ஊரின் கடைக்கோடி. அதற்கப்புறம் கர்நாடகம். என் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எங்கள் தெருவை வெட்டிக்கொண்டு ஒரு பள்ளம் ஓடும். எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் ஓடை. குழி என்று பொருள் வேண்டுமானால் குழி என்றே சொல்லுவோம். கன்னடத்தில் அதே ஓடைக்கு ஹள்ள என்று பெயர். தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். வெயில் காலத்தில் கம்பெனிக் கழிவு நுரையோடு கணுக்கால் அளவு, மழைக்காலத்தில் இடுப்பளவு.

பள்ளத்துக்கு அக்கரையில் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் குடியிருந்தார். கம்பெனியில் பேக்கிங் வேலை. அவர் கணவருக்கு வேறொரு கம்பெனியில் முதுகில் இரும்பு விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிசியோதெரபிக்குப் போகும் நாட்களில் அவரைச் சக்கர நாற்காலியோடு, பள்ளத்தின் குறுக்கே போட்டிருந்த பலகைமேல் தூக்கி வந்து, இக்கரையில் நிற்கும் ஆட்டோவில் ஏற்ற வேண்டும். நானும் ஒரு பக்கம் பிடித்திருக்கிறேன். பலகை நடுவில் வளையும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஏட்டி, ஆட்டோ வாசலுக்கு வந்தாப் போதும்டி. இல்லன்னா அவுகள ஊர்ல அத்தைகிட்ட விட்டுட்டு நான் மட்டும் இங்க கெடக்கணும். கல்யாணம் முடிச்சு அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்பார் அக்கா. ஒரு கவுன்சிலரை ஏட்டி என்று கூப்பிட்டது அந்த ஊரில் அவர் ஒருவர்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள். 'எங்கள் தெருவில் உள்ள பள்ளத்தால் ஆட்டோ வர முடியவில்லை. சரிசெய்து தர வேண்டும்.' எங்களுக்கு அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஓடைக்கு மேல் ஒரு சிறுபாலம் வேண்டும், அவ்வளவுதான். முதலில் இருந்த இன்ஜினியர் உள்ளூர்க்காரர், அவருக்கும் புரிந்தது. ஆனால் தண்ணீர் அடுத்த மாநிலத்திலிருந்து வருவதால் அவர்களையும் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். கோப்பு மாவட்டத்துக்குப் போனது, சென்னைக்குப் போனது, நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருந்தது. நான் கேட்கும்போதெல்லாம் 'சுற்றில் இருக்கிறது' என்றார்கள். கோவில் பிரகாரத்தைச் சுற்றியிருந்தாலாவது புண்ணியம் கிடைத்திருக்கும்.

கடைசியில் ஒருநாள் கூட்டு ஆய்வு என்று அறிவித்தார்கள். இரண்டு மாநில அதிகாரிகளும் எல்லைக் கல் அருகே கூடினார்கள். எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. நாற்காலி போட நிழல் அங்கேதான் இருந்ததாம். எங்கள் பக்கத்துப் புது இன்ஜினியர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மரியாதையான மனிதர், என்னை எப்போதும் 'மேடம்' என்பார். அந்தப் பக்கத்து அதிகாரி இளநீரைக் கீழே வைத்துவிட்டு, "ஆ ஹள்ள நிம்ம கடெனே இதெ. மாட்கொள்ளி" என்றார். அது உங்கள் பக்கம்தானே இருக்கிறது, செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம்.

இன்ஜினியர் தன் ஜீப் டிரைவரைத் திரும்பிப் பார்த்து, "ஹள்ளன்னா என்னப்பா?" என்று கேட்டார்.

டிரைவர் எங்கள் பக்கத்துத் தேன்கனிக்கோட்டைக்காரர். "பள்ளம் சார்" என்றார்.

"ஓ, பள்ளந்தானா. இதுக்கா இத்தனை லெட்டர்?" என்று இன்ஜினியர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். டிரைவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கேட்டவர் ஊரில் பள்ளம் என்றால் குழி என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த கூட்டத்திலேயே பொருள் வந்தது: 'பள்ளம் சீரமைப்புப் பணி'. ஆல் பாஸ். இத்தனை வருடத்தில் நான் மேசையை உள்ளங்கை சிவக்கத் தட்டியது அன்றைக்குத்தான். கூட்டம் முடிந்ததும் நேரே லைன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா பாயாசம் வைத்தார். அவர் கணவர், "பாலத்துக்குக் கைப்பிடி வப்பாங்களா? சும்மா பிடிச்சிட்டு இருக்கலாம்லா" என்று கேட்டார். வைக்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

டெண்டர் முடிந்து வேலை தொடங்கிய நாளில் அக்கா போன் செய்தார். "ஏட்டி, லாரில மண்ணு கொண்டாந்து பள்ளத்துக்குள்ள கொட்டுதாவ. பாலம் எங்கட்டி?" நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது தெரு அகலத்துக்கு ஓடை மூடியிருந்தது. ரோலர் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. காண்ட்ராக்டர் பொறுமையாகப் பேசினார்: "ஒர்க் ஆர்டர்ல பள்ளத்த மூடி சமப்படுத்தணும்னு இருக்குதும்மா. அதத்தான் பண்றோம். அடியில குழாய் வைக்கச் சொல்லி எழுதல."

அலுவலகத்துக்குப் போய்க் கத்தினேன். இன்ஜினியர் கோப்பைப் புரட்டி, வியர்த்துப்போய், "மேடம், பள்ளம்னுதானே எல்லாரும் சொன்னீங்க" என்றார். அந்த ஆளைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. மண்ணை எடுக்க வேண்டுமானால் புது மதிப்பீடு, புதுத் தீர்மானம். இப்போதுதான் கொட்டியதை இப்போதே தோண்டினால் தணிக்கையில் கேள்வி வரும். ஓடை என்று எழுதினால் மறுபடியும் அடுத்த மாநிலம், மறுபடியும் கூட்டு ஆய்வு. எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். கோப்பு சுற்றுக்குப் போனது.

இதில் கொடுமை என்னவென்றால், ஆட்டோ வந்தது. கெட்டித்த மண்மேல் ஜம்மென்று வாசல்வரை வந்தது. வெயில் காலத் தண்ணீர் ஓடை வரும் பக்கத்தில் தேங்கிக் கறுத்துக் கிடந்தாலும் அதைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை. கணவருக்குச் சட்டை மாட்டிவிட்டு, ஆட்டோவில் ஏற்றிவிட்டு, எனக்குக் கை காட்டுவார். "என்னத்தையோ செஞ்சாவ, நல்லாத்தான இருக்கு" என்றார். மழை வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு, மழைக்கு முன்னால் வேறு வீடு பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கீழ்த்தளத்தில், வாசல்படி இல்லாத வீடு, அந்த வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நானும் மத்திகிரி வரைக்கும் விசாரித்தேன். கிடைக்கவில்லை.

வெள்ளம் வந்த அன்று எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. மழை அந்தப் பக்கம் பெய்திருந்தது. பளீரென்ற பகல், அக்கா ஷிப்டில் இருந்தார். ஓடை மண்ணில் முட்டி, போக வழி தெரியாமல் லைன் வீடுகளுக்குள் திரும்பியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கதவைத் தள்ளித் திறந்தபோது அக்காவின் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். தண்ணீர் மார்பளவு. நானும் ஓடிப்போய்ச் சேர, நாலு பேராகத் தூக்கினோம். கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக அக்காவுக்கு மனம் வரவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

சேறு காய்ந்ததும் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். கூட்டிப்போக அவர் தம்பி வந்திருந்தார். அக்கா மகளிர் ஹாஸ்டலுக்குப் போவதாக ஏற்பாடு. பெட்டியைக் கட்டும்போது என்னிடம், "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதட்டி. கொஞ்ச நாளாவது ஆட்டோ வாசலுக்கு வந்துச்சுல்லா" என்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

இத்தனை வெள்ளத்துக்கும் அந்த மண் மட்டும் கரையவில்லை. நல்ல வேலை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆட்டோ அதன்மேல் குலுங்காமல் வந்து வாசலில் நின்றது. நாங்கள் அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். அவர் கை பழக்கத்தில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அக்கா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, ஆட்டோ வேகம் எடுக்கும்வரை கூடவே நடந்தார்.