மேக்கணக்கு சோலைமலை

ஊசிமலைத் தோட்டத்தில் சோலைமலைக்கு இருந்த உத்தியோகத்தின் பெயர் தப்பால். காலை எட்டு மணிக்குத் தோட்டத்து ஆபீசில் பூட்டுப் போட்ட காக்கிப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்வார். மூன்று மைல் இறங்கினால் தலவாக்கலைத் தபாற்கந்தோர். அங்கே பையை மாற்றிக்கொண்டு மூன்று மைல் ஏற வேண்டும். மழை பெய்தால் குடை பைக்குத்தான், சோலைமலைக்கு இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதம் நனைந்ததில்லை, ஒரு மணியோடர் மாறிப் போனதில்லை.

இதில் என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்தப் பையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் மலையகத்தில் 'கணக்கு' என்பார்கள். ஊசிமலையில் மேக்கணக்கு, கீக்கணக்கு என்று இரண்டு. 'ராமாயி, மேக்கணக்கு' என்று ஒரு கடிதம் வரும். மேக்கணக்கில் மட்டும் ஆறு ராமாயி இருக்கிறார்கள். கொழும்பு முத்திரை என்றால் பாலத்தடி லயத்து ராமாயி, அவள் மகன் அங்கே ஹோட்டலில் வேலை. பட்டிப்பொல முத்திரை என்றால் கோயிலடி ராமாயி, அவள் தம்பி ரயில்வேயில். சோலைமலை உறையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் உறை மேல் இருக்கும் இங்கிலீஷ்தான். மேக்கணக்குக்கு 'அப்பர் டிவிஷன்', கீக்கணக்குக்கு 'லோவர் டிவிஷன்'. அந்தச் சொற்களை அவர் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை, முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிற மாதிரித் தெரிந்துகொள்வார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் 2008ஆம் ஆண்டு ஆடி மாதம் டெலிபோனில் சனியன் வந்தது.

அன்று பையை ஆபீசில் இறக்கியவரிடம் பெரிய கிளாக்கர் கந்தப்பன் ரிசீவரை நீட்டினார். "சோலமல, ஒனக்குத்தான்யா. கொழும்புல இருந்து ஒரு பொம்பளப் புள்ள பேசுது."

மறுமுனையில் பேசியவள் நிரூபா. யாழ்ப்பாணத்துப் பெண். கொழும்பில், இன்டர்நெட் வழியாகச் சாமான் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை. நிரந்தர வேலையில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு கணக்குத் திறந்தால் போதும், சாமானை முதலில் அனுப்பிவிட்டுக் காசைத் தவணையில் வாங்குவார்கள். சோலைமலை கம்ப்யூட்டரைப் பார்த்தது ஆபீஸ் ஜன்னல் வழியாக மட்டும்தான். இது நிரூபாவுக்குத் தெரியாது. அவள் எந்தக் கணக்கைப் பற்றிப் பேசுகிறாள் என்பது இவருக்குத் தெரியாது.

"சோலைமலை ஐயாவோ கதைக்கிறது? உங்கட பேரில ஒரு கணக்கு இருக்கு. அது உங்கட கணக்குத்தானே?"

"ஆமாங்க. மேக்கணக்கு."

"வேற கணக்கும் இருக்கோ?"

"கீக்கணக்கு இருக்குதுங்களே. ஆனா அதுல நமக்கு சொந்தக்காரவுங்க யாரும் இல்லீங்க."

நிரூபா கொஞ்சம் தடுமாறினாள். "சரி, இந்தக் கணக்கு எப்ப துடங்கினது?"

"அது தெரியாதுங்க. நான் பொறந்ததே அந்தக் கணக்குலதான்."

"பகிடி விடாதேங்கோ ஐயா. சாமான் எல்லாம் ஒழுங்கா வந்து சேர்ந்ததோ?"

"எல்லாம் வந்துச்சுங்க. இருவத்திரெண்டு வருசமா ஒன்னுகூட தவறுனதில்ல."

"அப்ப காசு எப்ப குடுப்பியள்?"

"காசு வந்துச்சுன்னா அன்னைக்கே குடுத்துருவேங்க. ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டேன்."

தபால் திணைக்களத்துப் பெரிய இடத்திலிருந்து விசாரிக்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு. ரிசீவரை வைத்துவிட்டு, "நல்ல மரியாதையான புள்ளைங்க" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார். அங்கே அந்த மரியாதையான பிள்ளை கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்தாள்: கணக்குத் தன்னுடையதுதான் என்கிறார், சாமான் கிடைத்தது என்கிறார், காசு கேட்டால் கேலி பண்ணுகிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது தான் கத்துவது தெரியும்.

பத்து நாளில் தோட்டத்து மேனேஜரான தொரைக்குக் கடிதம் வந்தது. உங்கள் தோட்டத்து சோலைமலை, இந்த இலக்க அடையாள அட்டைக்காரர், மூன்று சாமான் வாங்கியிருக்கிறார், ஒரு சதமும் கட்டவில்லை, டெலிபோனில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாமான்கள்: கெமரா வைத்த போன் ஒன்று, தங்க முலாம் பூசிய கைக்கடிகாரம் ஒன்று, கரண்டில் வேலை செய்யும் கால் பிடித்துவிடும் மெஷின் ஒன்று.

தொரை நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பையில் மற்றவர்களின் மணியோடரும் பதிவுத் தபாலும் போகின்றன. "பை தூக்குறவன் மேல ஒரு சொல்லு இருக்கக் கூடாது, சோலமல" என்றார். இந்த மாத முடிவுக்குள் விஷயம் தெளியாவிட்டால் தப்பால் வேலை, இடைக்காலத்துக்குப் பை தூக்கப்போகும் இளைஞன் அழகுமுத்துவுக்கு நிரந்தரமாகப் போய்விடும். அதுவரை சோலைமலை மலைக்குப் போய் முள்ளு குத்தட்டும், அதாவது முள்ளுக் கரண்டியால் தேயிலைக்கு மண் கிளறட்டும் என்று சொல்லிவிட்டார்.

சோலைமலை பையைக் கழற்றி மேசை மேல் வைத்தார். வைத்த பிறகும் வலது தோள் கொஞ்சம் இறங்கியே நின்றது. 'அது நான் இல்லீங்க' என்று எத்தனை தரம் சொல்வது? அவருடைய பெயர், அவருடைய அடையாள அட்டை இலக்கம், அவருடைய தோட்டம், எல்லாம் காகிதத்தில் இருந்தன. யுத்த காலச் சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஹட்டன் பஸ்ஸில் போக வேண்டியிருந்த காலம் அது. அந்த இலக்கத்தில் வேறொருவன் உலாவுகிறான் என்று நினைத்து, அட்டையை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

லயத்துக்காரர்களுக்கு அடையாள அட்டையும் இலக்கமும் ஞாபகத்தில் நிற்கவில்லை. கால் பிடிக்கும் மெஷின்தான் நின்றது. தினமும் ஆறு மைல் நடக்கிற ஆள் வேறு எதை வாங்குவான்? இதைவிட நம்பும்படியான பொய்யைக் கடவுளே கட்டியிருக்க முடியாது. அடுத்த காம்பராக்காரர், அதாவது பக்கத்து அறையில் இருப்பவர், "அண்ணே, ஒரு அஞ்சு நிமிசம் காலு வச்சிப் பாத்துட்டுக் குடுத்துர்றேன்" என்று காலைக் கழுவிக்கொண்டே வந்து நின்றார். பெண்சாதி தனலெட்சுமி கட்டிலுக்கு அடியில் தேடினாள், விறகுக்குப் பின்னால் தேடினாள், கடைசியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கங்க ஒளிச்சி வச்சிருக்கீங்க? கொழுந்தெடுத்துட்டு வந்து எங்காலு மட்டும் வலிக்காதா?"

"அடிப் பாவி, நீயுமா?"

"நம்பலங்க. ஆனா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் தனலெட்சுமி.

மூன்று வாரம் போனது. அழகுமுத்து பை தூக்கிய லட்சணம் ஊர் அறிந்தது. பாலத்தடி ராமாயிக்கு வந்த மருமகளின் வளைகாப்புக் கடிதத்தைக் கோயிலடி ராமாயியிடம் கொடுத்துவிட்டான். அவளுக்கு மகனே கிடையாது. சோலைமலைக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மாத முடிவுக்கு நாலு நாள் இருக்கும்போது அழகுமுத்து ஒரு பதிவுத் தபாலைக் கொண்டுவந்து சோலைமலையிடமே நீட்டினான். கொம்பனிக்காரர்கள் அவர் பெயருக்கே கடைசி எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். வேறு ஆளாக இருந்தால் உறையைக் கிழித்து உள்ளே என்ன என்று பார்த்திருப்பான். சோலைமலை இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் முதலில் விலாசத்தைப் பார்த்தார்.

பெயர் சரி. தோட்டம் சரி. தலவாக்கலை சரி. 'அப்பர்' சரி. அதற்குப் பக்கத்தில் இருந்த சொல் அவருக்குத் தெரிந்த சொல் இல்லை. 'டி'யில் தொடங்க வேண்டியது 'ஏ'யில் தொடங்கியது. ஆயிரக்கணக்கான உறை பார்த்த கண்ணுக்கு அந்த முகம் புதிது.

கையில் இருந்த மண்ணைக்கூடக் கழுவாமல் ஆபீசுக்கு ஓடினார். "ஐயா, இது என்னா எழுத்துங்க? நம்ம டிவிசன் இல்லையே இது?"

கந்தப்பன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார். "அப்பர் அக்கவுண்ட்." இன்னொரு தரம் வாசித்தார். பிறகு மேசையில் அடித்துச் சிரித்தார், சிரிப்பில் கண்ணாடி கழன்று லெட்ஜரில் விழுந்தது. "அக்கவுண்ட்னா காசுக் கணக்குய்யா! மேக்கணக்க எவனோ அப்பிடியே இங்கிலீசுல மாத்திப்புட்டான். எவன்யா அந்த மேதாவி?"

தோட்டத்துக்காரன் எவனும் அப்படி எழுத மாட்டான். தோட்டத்தில் படிக்கத் தெரியாத கிழவிகூட 'டிவிசன்' என்று சொல்வாள். அப்படியானால் எழுதியவன் டவுன்காரன். சோலைமலையின் வாயால் 'மேக்கணக்கு' என்று கேட்டு, அதைத் தானே இங்கிலீஷில் எழுதியவன். சோலைமலைக்காக இங்கிலீஷில் விலாசம் எழுதியவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? ஒரே ஒருவன்தான். பங்குனி மாதம் டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் பிரதீபனிடம் போனுக்கு சிம் வாங்கினார். பிரதீபன் அன்பாக, "நீங்க சொல்லுங்க மாமா, நான் நெரப்பிக்கிறேன்" என்று ஃபோமை எழுதினான். அடையாள அட்டையை ஒரு பிரதிக்கு இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டான். மஞ்சள் கார்பன் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தான்.

எந்தக் காகிதத்தையும் எறியாத சாதி தப்பால்காரர் சாதி. தனலெட்சுமி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். மஞ்சள் தாள் இருந்தது. அதில், பிரதீபனின் அழகான சாய்வெழுத்தில், அப்பர் அக்கவுண்ட்.

கந்தப்பன் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். நிரூபாவிடம் எல்லாவற்றையும் விளக்கினார். அதன் பிறகு, "கணக்கு எண்டா டிவிஷனோ? ஐயோ கடவுளே!" என்ற சத்தம் ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது. கெட்டிக்காரி. அடுத்த நிமிடமே கம்ப்யூட்டரில் விலாசங்களுக்குள் 'அக்கவுண்ட்' என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதென்று தேடினாள். பதினொரு பேர் வந்தார்கள். லிந்துலைப் பக்கம் நாலு தோட்டத்தைச் சேர்ந்தவர்கள், எல்லாம் அப்பர் அக்கவுண்ட், லோவர் அக்கவுண்ட். பத்துப் பேருக்குத் தங்கள் பெயரில் இப்படி ஒன்று நடந்திருப்பதே இன்னும் தெரியாது. பிரதீபன் அவர்கள் பெயரில் கணக்குத் திறந்துவிட்டு, பெரிய ரோட்டுச் சந்தியில் நின்று, கொம்பனி வேன்காரரிடம் அடையாள அட்டைப் பிரதியைக் காட்டிச் சாமான்களை வாங்கியிருக்கிறான். தோட்டத்துப் பாதையில் வேன் ஏறாதது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது.

மறுநாள் பொலிஸ் பிரதீபன் வீட்டுக்குப் போனபோது அவனுடைய மாமியார் கால் பிடிக்கும் மெஷினுக்குள் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். சார்ஜன்ட், "மேக்க காகெத?" என்று சிங்களத்தில் கேட்டார், இது யாருடையது என்று. மாமியார் கண்ணைத் திறக்காமலே, "எங்க மாப்புள வாங்கித் தந்தது" என்று பெருமையாகச் சொன்னார். மீதியை வக்கீல்கள் பார்த்துக்கொண்டார்கள்.

நிரூபா திரும்பவும் டெலிபோனில் வந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. நான்தான் பிழையா விளங்கிக்கொண்டன்."

"பரவால்லம்மா. நானும் ஒங்கள தபால் கந்தோருன்னுதான் நெனச்சேன்" என்றார் சோலைமலை.

மாத முடிவுக்கு ஒரு நாள் முன்னால் தொரை பையை எடுத்து அவரே சோலைமலையின் தோளில் மாட்டிவிட்டார். தோட்டமே கைதட்டியது. அடுத்த காம்பராக்காரர், "எனக்கு அப்பவே தெரியும்ணே" என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள். சோலைமலையும் சிரித்துத் தலையாட்டினார். ஆனால் மனசுக்குள் ஒரு முள் நெருடிக்கொண்டே இருந்தது. பை திரும்பி வந்துவிட்டது, சரி. அவரைப் பற்றிப் பேசிய அந்த ஊர் இனி அவரை என்னவென்று நினைக்கும்? எழுத்துத் தெரியாத வீடுகளில் உட்கார்ந்து கடிதம் வாசித்துச் சொல்பவரும் அவர்தான். ஒரு வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. இனி அந்த வீடுகளில் கூப்பிடுவார்களா?

பின்னேரம் மேக்கணக்கில் கடிதங்களைக் கொடுத்துக்கொண்டு வந்தபோது நாகலெட்சுமி வாசலில் மறித்தாள். கொழுந்தெடுக்கும் விதவை. மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

"எனக்கு ஒன்னு வாசிச்சிக் குடுக்கணும்."

"இன்னைக்கு ஒங்களுக்கு ஒன்னும் வரலையேம்மா."

நாகலெட்சுமி உள்ளே போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டு ஒரு உறையை எடுத்து வந்தாள். குவைத் முத்திரை. ஒட்டிய விளிம்பு ஒட்டியபடியே இருந்தது.

"இது மூனு வாரத்துக்கு முந்தி வந்ததாச்சே" என்றார் சோலைமலை, பின்பக்கத்துத் தலவாக்கலை முத்திரையைப் பார்த்து. "அழகுமுத்துகிட்டக் குடுத்திருந்தா அன்னைக்கே வாசிச்சிருப்பானே?"

"அவனுக்கு வாசிக்கத் தெரியும். எம் மக சங்கதிய அவன் வாயால நான் கேக்க மாட்டேன்."

"ஊரே என்னைய ஏமாத்துக்காரன்னு பேசிக்கிட்டுல்ல இருந்துச்சு?"

"பேசுச்சு. நானுந்தாங்க பேசுனேன், பொய் சொல்ல மாட்டேன்." அவள் தரையைப் பார்த்தாள். "ஆனா கடுதாசிய மட்டும் பிரிக்கல."

சோலைமலை படிக்கட்டில் உட்கார்ந்தார். உறையில் ஒட்டியிருந்த அரிசித் தூசியைத் தட்டினார். ஓரத்தைப் பதனமாகக் கிழித்துக் கடிதத்தை விரித்தார். முதல் வரிக்குப் போன கண், மூன்று வாரம் பிரிக்காமல் இருந்த உறைக்கே திரும்பியது.

"என்னாங்க, எழுத்து வெளங்கலையா?" என்று பதறினாள் நாகலெட்சுமி.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்கா. ஒரு நிமிசம் பொறுங்க" என்றார்.