இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே

ருக்சானா ஆயில் கடையில் உட்கார்ந்தது யாரும் யோசித்து நடந்த காரியமில்லை. மேலப்பாளையத்தில் அவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் கடையைத் தொடங்கியது அவள் கொழுந்தன். ஒரு நோன்புப் பெருநாள் முடிந்ததும் அவர் குடும்பத்தோடு மலேசியாவுக்குக் கிளம்பிவிட்டார். ருக்சானாவின் கணவன் முஆத்துக்குச் சவூதியின் தம்மாமில், கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வேலை. அலமாரி நிறைய ஆயில் டப்பாக்களை வைத்துக்கொண்டு ஷட்டரை இழுத்துப் பூட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "சரக்கு தீருத வரைக்கும் நான் பாக்குதேன்" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தச் சரக்கு இன்றுவரை தீரவில்லை.

முதலில் வந்த லாரிக்காரர்கள் வாசலிலேயே நின்று, "முதலாளி இல்லையாம்மா?" என்று கேட்டார்கள். "நான்தான். என்ன வண்டி?" என்று அவள் கேட்டதும் சிலர் உள்ளே வந்தார்கள், சிலர் அடுத்த கடைக்கு நடந்தார்கள். அவள் டப்பாவில் உள்ள பொடி எழுத்தையெல்லாம் உட்கார்ந்து படித்தாள். பதினைந்து-நாற்பது, இருபது-ஐம்பது என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன கணக்கு என்று கம்பெனிக்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டாள். முதல் எண் குளிரில் எவ்வளவு இளகலாக ஓடும் என்பதற்கு, இரண்டாவது எண் கொதிக்கும் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஒரே எண்ணெய்க்கு இரண்டு குணமா என்று அன்றைக்கு நெடுநேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைவிடப் பெரிய வியப்பு கல்லாமேசையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளில் வந்தது. ஆட்டோக்காரர் ஒருவரும் டிராக்டர்காரர் ஒருவரும் ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் கொண்டுவந்து காட்டியபோது, இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு தாளில் விழுந்திருந்தது. மறுநாள் கடை திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு சொட்டு கரும்பொட்டாக இறுகிக் கிடந்தது. மற்றது விரிந்து, நடுவே கறுப்பும், சுற்றிலும் சாம்பல் நிறமும், அதற்கும் வெளியே தேன் நிறத்தில் மெல்லிய வளையமுமாக, நிலா கோட்டை கட்டியதுபோல் மலர்ந்திருந்தது. போட்டோ எடுத்து முஆத்துக்கு அனுப்பினாள்.

"இது என்ன மச்சான், கோலம் போட்ட மாதிரி?"

"அட, இங்கன கப்பல் இன்ஜினுக்கும் இப்படித்தான் புள்ள சொட்டு வச்சுப் பாக்குதாங்க! இதுக்குன்னு தனித் தாளே இருக்கு. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒருத்தரும் சொல்லல்ல. அதுவா விரிஞ்சிருக்கு."

அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவளுக்கு நகை வாங்கி வராமல் சொட்டு வைக்கும் அந்த வடிதாளில் ஒரு கட்டு வாங்கி வந்தான் முஆத். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ருக்சானாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கரி நகராமல் நடுவிலேயே குவிந்தால் ஆயில் சக்தி இழந்துவிட்டது, ஓரம் கிழிந்த துணிபோல் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, வெளிவளையம் அளவுக்கு மீறி அகன்று வெளிறிப்போனால் டீசல் கலந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. எத்தனை பார்த்தாலும் அவளுக்கு அலுக்கவில்லை.

நேசையா அவள் கடைக்கு முதன்முதலாக வந்தது சென்ற பங்குனியில், பிசான நெல் அறுவடையின்போது. திசையன்விளைக்காரர். அவரிடம் இருந்தது தொண்ணூற்றாறாம் வருஷத்து லாரி. மற்ற மாதங்களில் கிடைத்த லோடை ஏற்றுவார். அறுவடைக் காலத்தில் சேரன்மகாதேவி வயல்களிலிருந்து வைக்கோல் ஏற்றித் தேரிக்காட்டுப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்குக் கொண்டுபோய் இறக்குவார். பச்சைப்புல் முளைக்காத அந்தச் செம்மண் பூமியில் நேசையாவின் லாரி வந்தால்தான் கோடை முழுக்க மாடுகளுக்குத் தீனி. வைக்கோல் ஏற்றி வரும்போது லாரியே தெரியாது. ஒரு போர் எழுந்து ரோட்டில் நடந்து வருவதுபோல் இருக்கும்.

"தங்கச்சி, வண்டி சூடேறிட்டுன்னா ஆயில் அழுத்தம் காட்டுத மீட்டர்ல முள்ளு கீழ படுத்துருது" என்றார் நேசையா. "ஒருத்தன் கார் ரேஸுக்கு ஊத்துத ஆயிலை ஊத்துங்கான். இன்னொருத்தன் டப்பாவுல ஏதோ மருந்து விக்கான், அதைக் கலக்கச் சொல்லுதான். டீக்கடையில உக்காந்தா ஆளாளுக்கு டாக்டரா இருக்கானுவ. நீங்க சொல்லுங்க, எதை ஊத்த?"

முப்பது வருஷத்து இன்ஜின். உள்ளே தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும், கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்று ருக்சானா நினைத்தாள். இருபது-ஐம்பது எடுத்துக் கொடுத்தாள். ஊரில் எல்லோரும் சொல்வதும் அதுதான்.

சில நாள் கழித்து நேசையா ஒரு சீப்பு ஏத்தன் வாழைப்பழத்தோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"முள்ளு நிமிந்து நிக்கி, தங்கச்சி! அதோட இன்னொண்ணு கேளுங்க. இத்தனை ஓட்டம் ஓடியும் ஒரு சொட்டு ஆயில் குறையல்ல. முன்னயும் அப்படித்தான். ஊத்தினது ஊத்தின மாதிரியே இருக்கும். தங்கமான இன்ஜின்!"

பழத்தை வாங்க நீட்டிய கையை ருக்சானா பாதியில் நிறுத்தினாள்.

"குறையவே இல்லையா, அண்ணாச்சி?"

"ஒரு சொட்டு குறையல்லங்கேன்."

"இந்த வயசு இன்ஜின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். குறையாம இருக்குன்னா, குறைஞ்ச இடத்துக்கு வேற என்னமோ வந்து சேருதுல்லா? அந்தக் கம்பியை உருவிட்டு வாங்க."

வடிதாளை எடுத்து ஒரு டப்பா மூடியின் மேல் விரித்து, கம்பி முனையிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட்டாள். சேரன்மகாதேவியில் வைக்கோல் கட்டிப் போட்டுவிட்டு ஆள்கள் காத்திருப்பார்கள் என்று நேசையா நிலைகொள்ளாமல் தவித்தார். "சாயந்தரம் அஸர் தொழுகைக்குள்ள தெரிஞ்சிரும். ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. சொட்டும் தன் பாட்டுக்கு விரிந்துகொண்டிருந்தது. முதலில் கறுப்பு வட்டம், பிறகு சாம்பல். அதோடு நிற்காமல் வெளிறிய ஒரு வளையம் பைய ஊர்ந்து தாளின் ஓரத்தையே தொடப்போனது. ருக்சானா குனிந்து முகர்ந்தாள். தலைக்குள் சுருக்கென்று ஏறியது டீசல் வாடை. இரும்புக்குள் யார் கண்ணுக்கும் படாமல் நடந்த ஒன்று, ஒரு சொட்டில் ஏறி வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கிறதே என்று அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

நேசையா சாப்பிட்டுத் திரும்பியதும் தாளை அவர் முன்னே வைத்தாள்.

"ஆயில்ல டீசல் கலக்குது, அண்ணாச்சி. அதான் தண்ணியாப் போயி முள்ளு படுத்திருக்கு. நான் குடுத்த கெட்டி ஆயில் அதைச் சரியாக்கல்ல, மூடி வச்சிருக்கு. இந்த ஆயிலும் இன்னும் கொஞ்ச நாள்ல தண்ணியாயிரும். வண்டியை இதுக்கு மேல ஓட்டாதீங்க."

"அறுப்பு நேரத்துலயா?"

"லோடோட நடு ரோட்டுல இன்ஜின் இறுகிட்டுன்னா என்ன செய்வீங்க?"

நேசையா தாளையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு லாரியை மெதுவாக ஓட்டி, ரோட்டோரம் இருந்த காசிலிங்கத்தின் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அந்தப் பக்கத்தில் பழைய டீசல் வண்டி என்றால் காசிலிங்கத்திடம்தான் போவார்கள்.

மறுநாள் காலையில் காசிலிங்கம் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டீசலை ஏற்றித்தரும் பம்பின் உள்ளே ஒரு சிறிய ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியாகக் கசிந்த டீசல் ஆயிலோடு போய்ச் சேர்ந்திருக்கிறது. வளையத்தை மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் தண்ணீராய்ப் போன ஆயிலில் இவ்வளவு காலம் ஓடிய இன்ஜின் அடியில் என்ன கதியில் இருக்கிறதோ என்ற பயம் மூன்று பேருக்கும் இருந்தது. லாரியை, ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கும் குழியின் மேல் நிறுத்தி, ஆயிலை வடித்து, அடித்தொட்டியைக் கழற்றி இறக்கினார்கள்.

ருக்சானா ஒரு ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு வந்து, சற்றுத் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். குழிக்குள்ளிருந்து ஸ்பானர் திருகும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு காசிலிங்கத்தின் குரல் கேட்டது.

"தங்கச்சி, நீங்க இதைப் பாக்கணும். இறங்கி வருவீங்களா?"

பட்டறையில் இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ருக்சானா துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு, எண்ணெய் படிந்த படிகளில் சுவரைப் பிடித்தபடி இறங்கினாள். காசிலிங்கம் அவளுக்கு இடம்விட்டு ஒதுங்கி, டார்ச்சை மேல்நோக்கி அடித்தார்.

இத்தனை வருஷமாக அவள் ஆயில் விற்கிறாள். அது போய்ச் சேரும் இடத்தை அவள் பார்த்ததேயில்லை. தலைக்கு மேலே, ஒரு கஜ நீளத்துக்கு, வளைந்து வளைந்து போகும் கனத்த இரும்புத் தண்டு. சுழலும் இடமெல்லாம் கண்ணாடிபோல் பளபளத்தது. அதிலிருந்து ஒரு துளி ஆயில் திரண்டு, விழுவோமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் தொங்கியது.

"இதுதான் கிராங்க். வைக்கோல் பாரம் முச்சூடும் இது மேலதான்" என்றார் காசிலிங்கம். கழற்றி வைத்திருந்த பேரிங்குகளைக் காட்டினார். பாதி வளையல் போன்ற சாம்பல் நிறத் தகடுகள். "இதைத் தொட்டுப் பாருங்க."

ருக்சானா விரலால் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. ஒரே ஒரு தகட்டில் மட்டும் மேல்பூச்சு லேசாகத் தேய்ந்து செம்பு நிறம் தெரிய ஆரம்பித்திருந்தது.

"இது ஒண்ணுதான் அடி வாங்கியிருக்கு. இன்னும் நாலு லோடு ஓடியிருந்தா மத்ததும் போயிருக்கும். அப்புறம் அங்கன பாருங்க, பிஸ்டன் மேல போயிருக்குல்லா, அந்தச் சுவர்ல."

டார்ச் வெளிச்சம் உருளையின் உட்சுவரில் விழுந்தது. அங்கே மெல்லிய குறுக்குக் கோடுகள், ஓலைப்பாய் முடைந்ததுபோல்.

"கம்பெனியில இழைச்சப்போ போட்ட கோடு. ஆயில் தங்கிறதுக்காகப் போடுதது. முப்பது வருசமா அது மேல பிஸ்டன் ஏறி இறங்கிக்கிட்டுக் கிடக்கு. அழியல்ல, பாத்தீங்களா?"

"எப்படி அழியாம இருக்கு?"

"இரும்பு இரும்பைத் தொட்டாத்தானே அழியும்? தொடவே இல்ல. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல ஒரு தலைமுடி கனத்துக்கு இடம் இருக்கும். அதுல ஆயில் நிக்கி. தண்டு ஆயில் மேல மிதந்துக்கிட்டேதான் சுத்துது."

"சுபுஹானல்லாஹ்" என்றாள் ருக்சானா. ஒரு வைக்கோல் போரையும், லாரியையும், அதை ஓட்டும் மனிதரையும் ஒரு முடியளவு எண்ணெய் ஏந்திக்கொண்டு சேரன்மகாதேவிக்கும் திசையன்விளைக்கும் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் பிளாஸ்டிக் டப்பாவில் அளந்து கொடுத்த அதே எண்ணெய்.

மேலே நின்ற நேசையாவுக்குப் பொறுக்கவில்லை. "என் வண்டியை நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டீங்க. நான் பாக்காண்டாமா?" என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். ருக்சானா மேலேறி வந்தாள். நேசையா கழுத்தை மேலே நிமிர்த்தி வெகுநேரம் நின்றார். "ஆண்டவரே, நான் உன்னை எத்தனை நாளு வைதிருக்கேன்" என்று அவர் சொன்னது, ஆண்டவரிடமா இன்ஜினிடமா என்று தெரியவில்லை.

பேரிங்குகளைப் புதிதாக மாட்டி முடித்ததும் பழைய கேள்வி வந்தது. எந்த ஆயில்?

"இருவது அம்பதையே ஊத்திருவோம்" என்றார் காசிலிங்கம். "பழைய வண்டி. கெட்டியா இருந்தா நல்லதுதானே?"

ருக்சானா குழிப்பக்கம் பார்த்தாள். நேற்றுவரை அவளும் அதையே சொல்லியிருப்பாள். இப்போது அந்தக் கோடுகள் கண்ணுக்குள் நின்றன.

"அந்த இடைவெளி அகண்டிருக்கா, அண்ணாச்சி?"

"இல்ல. நான் அளந்து பாத்தேன். கம்பெனி குடுத்த அளவுலதான் நிக்கி."

"அப்போ இடம் மாறல்ல. அதுல நிக்கிற ஆயில் மட்டும் எதுக்கு மாறணும்? இந்த வண்டிக்குக் கம்பெனி சொன்னது பதினஞ்சு-நாப்பதுதான். சாதா டீசல் இன்ஜின் ஆயில். கெட்டியா ஊத்தினா முள்ளு நல்லா நிக்கும், நமக்கும் திருப்தியா இருக்கும். ஆனா காலையில வண்டியைக் கிளப்புதப்போ அது மேல ஏற நேரமாகும். அதுவரைக்கும் மேல இருக்கிறதெல்லாம் காஞ்சு கிடந்து உரசும்லா?"

காசிலிங்கம் தாடையைச் சொறிந்தபடி யோசித்தார். "நியாயம்தான். விலை கூடின ஆயில்?"

"அது வேற இன்ஜினுக்குச் செஞ்சது. இவ்வளவு நாளும் இதைக் காப்பாத்தினது இந்தச் சாதா ஆயில்தானே?"

பதினைந்து-நாற்பதை ஊற்றினார்கள். நேசையா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜினின் மேல்மூடியைக் காசிலிங்கம் வேண்டுமென்றே மூடாமல் விட்டிருந்தார். ருக்சானா பம்பரின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள்.

இன்ஜின் உறுமிக் கிளம்பியது. மேலே வரிசையாக இருந்த இரும்பு விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையாட்ட ஆரம்பித்தன. முதலில் எல்லாம் வெறுமையாக இருந்தது. பிறகு அந்த ஆழத்திலிருந்து, இருட்டான துளைகள் வழியாக ஏறி வந்த ஆயில், முதல் விரலின் அடியில் பொன்னிறத்தில் ஊறியது. அடுத்ததில் ஊறியது. கடைசி விரல் வரைக்கும் ஊறி, ததும்பி, ஒவ்வொன்றின் மேலும் பட்டுப்போல் வழிந்து இறங்கியது. கடகடவென்று இருந்த சத்தம் அடங்கி, ஒரே சீராக மாறியது.

இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டார்கள். "முள்ளு பாதிக்கு மேலதான் நிக்கி! அசையல்ல!" என்று உள்ளேயிருந்து கத்தினார் நேசையா. சேரன்மகாதேவியில் வைக்கோல் காத்திருந்தது. அவருக்கு அவசரம். காசிலிங்கம் மூடியைத் துடைத்துக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க, அண்ணாச்சி" என்றாள் ருக்சானா. கண்ணை எடுக்காமலே சொன்னாள். "இன்னும் ஒரு நிமிசம் மூடாதீங்க."

காசிலிங்கம் மூடியைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் வந்து தானும் எட்டிப் பார்த்தார்.