மெல்போர்னில் எனக்கொரு ரூம்

இன்று காலை இருந்தவர்கள்: நான், மூத்த மகன் கோவிந்தராசு, மருமகள் சாந்தி. மெல்போர்னிலிருந்து போனில் என் மகள் கலா.

உர மூட்டை முதல் பட்டுப்புடவை வரை எல்லாம் கோவிந்தராசுவின் கிரெடிட் கார்டில்தான் வாங்கினோம். பாயிண்ட் சேர்ந்தால் பிளேன் டிக்கெட்டாக மாற்றி என்னைக் கலாவிடம் அனுப்புவதாகச் சொன்னான்.

இன்று பார்த்தால், இந்தக் கார்டு பாயிண்டை ஓட்டலுக்குத்தான் மாற்ற முடியுமாம். பிளேனுக்கு முடியாதாம்.

"மெல்போர்ன்லயே ரூம் கெடைக்குதும்மா."

"மக வூடு இருக்கற ஊர்ல எனக்கு எதுக்குடா ரூமு? மொதல்ல எதுல போறது?"

சாந்திதான் சொன்னாள். "இந்தக் கார்டைக் காட்டுனா பெங்களூரு ஏர்போர்ட்ல சாப்பாடு சும்மா குடுக்கறாங்கன்னுதான் இதை எடுத்தாருங்க அத்தை."

போனில் கலாவின் குழந்தை தத்தித் தத்தி நடந்தது. அதை நான் இன்னும் தூக்கியதில்லை.

பிளேனுக்கு மாறுகிற கார்டு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கார்டு கொடுத்த பேங்க்காரனை மன்னித்துவிட்டேன். ஓசிச் சாப்பாடு தின்றவனை மாட்டேன். அவன் பெயர் கோவிந்தராசு.