அறுபத்துநாலு கேட்ட ஊர்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன். ஆனால் சம்மாந்துறை வயல்களில் ஓடிய ட்ரெக்டர்களில் என் கை படாதது ஒன்று இருந்தால் காட்டுங்கள். யாருடைய சிபாரிசும் இல்லாமல் கராஜ் போட்டேன், ரைஸ்மில் போட்டேன், கல்முனையில் மகளுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். அந்த வீட்டையும் மருமகனையும் கடல் கொண்டுபோனது. அதற்காக நான் அல்லாஹ்விடம் முறைப்பட்டதில்லை. எனக்குக் குமட்டலைத் தந்தது அதற்குப் பிறகு ஊர் வைத்த பங்குதான்.

சுனாமி நிவாரணம் என்று லொறி லொறியாக வந்தது. எங்கள் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு. ஒற்றைக் கால் சப்பாத்து. யாரோ உடுத்துக் கழித்த உள்ளாடை. அந்த வரிசையில் ஒரு நாள் பழைய கம்ப்யூட்டர்களும் வந்தன. ஒன்றின் மூடியைக் கழற்றினேன். தூசி, தலைமயிர், செத்த கரப்பான். இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு வெறும் மிஷினாக அனுப்பியிருந்தார்கள். அதை ஓட வைக்க லினக்ஸ் என்ற சீடிகள் ஒரு பெட்டி நிறைய. சில உறைகளில் 32 என்றிருந்தது, சிலதில் 64.

கடலில் ஆள் மவுத்தாகி, டைப் தெரிந்தவர் இருக்கிற வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று பள்ளிவாசலில் பங்கு வைத்தார்கள். மகளுக்கும் ஒன்று. "மிஷின் வேலை செய்யுறத்தக் காட்டுங்க புள்ள, பரீட்சைப் பேப்பர் டைப் பண்ணுற வேல உங்களுக்குத்தான். நோன்புக்கு முதல் காட்டாட்டி டவுன் கடைக்குக் குடுத்திருவன்" என்று பள்ளிக்கூட அதிபர் அவளிடம் சொல்லியிருந்தார். என் கையை எதிர்பார்க்காமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்க அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் பங்கில் சண்டை வரவில்லை. சீடியில் வந்தது.

"அவருக்கு அறுபத்துநாலு, எங்களுக்குப் பாதியா?" என்று ஒரு மீன் முதலாளி எழும்பினார்.

"எங்கட ஊட்டுல மட்டும் பாதி மவுத்தா?" என்றார் பின்னால் இருந்த ஒருவர்.

பள்ளிவாசல் தலைவர் பயந்துபோனார். எல்லாருக்கும் 64, ஒரே மாதிரி என்று முடிவாகியது. 32 முழுவதும் ஸ்டோர் அறைக்குப் போனது, எவரும் எடுக்காத கோட்டுகளோடு.

என் வீட்டுக்கு வந்து மகள் சீடியைப் போட்டாள். கறுத்த திரையில் இங்கிலீசில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. அவள் வாசித்துச் சொன்னாள்: "வாப்பா, இந்த மிஷின்ட மூள பழசு. 64 ஓடாதாம். 32 சீடி போடட்டாம்."

எனக்கு அது புதினமில்லை. எஞ்சின் எதுவென்று பார்க்காமல் சாமான் வாங்கி வருகிறவனை என் கராஜுக்குள் எடுத்ததே இல்லை. தலைவரிடம் போய் ஒரு 32 கேட்டேன்.

"எப்பிடித் தாற ஹாஜியார்? உங்கட பங்கு முடிஞ்சி."

"64ஐத் திருப்பித் தாறன்."

"பெரியத்தக் குடுத்துட்டுச் சின்னத்த வாங்குற ஆளா நீங்க? இதுல என்னமோ இரிக்கி."

"ஊருக்கு வந்த மிஷின் எல்லாம் இதே பழசுதான். ஒரு 32 போதும், எல்லாத்துக்கும் போடலாம். சீடி தேயாது."

"அப்ப வெள்ளக்காரன் என்னத்துக்கு ஒரு பெட்டி அனுப்பின?"

இந்த மூளைக்கு எந்தச் சீடி போடுவது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாங்கு சொல்கிற மோதினாரிடம் ஸ்டோரைத் திறக்கச் சொன்னேன், கோட்டு எடுக்கவேண்டும் என்று.

"இந்த வெயிலுக்கா ஹாஜியார்?"

"ஓம், குளிருது."

மழை ஒழுகிப் பூஞ்சணம் பிடித்த குவியல். எலி மூத்திர வாடை. சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, எவனோ கழித்துப்போட்ட ரோமக் கோட்டுகளுக்குள் தோள்வரை கையை விட்டுத் தேடினேன். பிச்சைச் சாமானைக் கிண்டுகிற நிலைக்கு என்னைக் கடல் கொண்டுவரவில்லை, ஊர் கொண்டுவந்தது. அடியில் கிடந்தது 32.

அந்தச் சீடி ஓடியது. மகள் முதலில் பிஸ்மி டைப் பண்ணினாள். நோன்புக்கு முதல் வேலை அவள் கைக்கு வந்தது.

அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு வழக்கு. ஹாஜியார் ரெண்டு பங்கு எடுத்துட்டாராம். நான் சீடியை எல்லார் முன்னாலும் வைத்தேன்.

"கொண்டுபோய் ஊடு ஊடாப் போடுங்க. மகள் வந்து காட்டித் தருவாள்."

"எங்களுக்கு 64 இரிக்கி, உங்கட எச்சில் என்னத்துக்கு?" என்றார் மீன் முதலாளி. ஒருவரும் தொடவில்லை. தலைவர் அதை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். நீதி நடந்துவிட்டதாம்.

பிறகு பாலமுனைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் பேப்பர் வந்தது. மகளுக்கு வேலை தாங்கவில்லை. பாதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்றாள். அவளும் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள்தான். ஆனால் 32 தலைவரின் பூட்டுக்குள், அவளுடைய மிஷின் மேல் உடுப்புக் காய்ந்துகொண்டிருந்தது.

நாட்டில் யுத்தம் முடிந்த வருஷம் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல் பார்க்கப் போனேன். அங்கே காணியுள்ள நம்மட ஊர் ஆட்கள், குருவி விரட்ட நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தது அந்த 64களை. எல்லார் வயலிலும் ஒரே மாதிரி, கூடக் குறைய இல்லாமல் மின்னின. காறித் துப்பிவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.